கண்டி மண்ணில் துயிலும் புனிதர்: யோசேவாஸ் அடிகளார்

கண்டியில் படித்த நம் எல்லோருக்கும் தலதா மாளிகையின் முன்னால் உள்ள வாவி தெரியும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அதை வெட்டுவித்தது 1812 அளவில். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னர், அந்த இடம் வயல்வெளியாக இருந்த காலத்தில், இதே நகரில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் வாழ்ந்து இறந்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்மூடியபோது வயது 59. அவரைத்தான் 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார்.

புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாளைப் பாடசாலை நாட்களில் நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்திருக்கிறோம். அவர் வேண்டியதும் மழை பெய்த கதை நம் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மழைக்கு அடுத்த ஆண்டில் இதே நகரில் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. வைத்தியராகப் பணி செய்யும் எனக்கு அந்த அடுத்த ஆண்டுதான் அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதியாகத் தோன்றுகிறது. நூற்றாண்டு காணும் நம் சங்கத்தின் மலரில் அந்த வாழ்க்கையை முழுவதுமாக ஒருமுறை சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

கோவாவில் இருந்து

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்த கோவாவில், பெனோலிம் என்ற தாய்வழி ஊரில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு, தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்.

அக்காலத்து இலங்கையின் நிலையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. கரையோரத்துக் கோவில்கள் சீர்திருத்த சபையின் ஆலயங்களாக மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்குக் கடுந்தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் மக்கள் திருப்பலியும் நற்கருணையும் இன்றி, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லி வாழ்ந்தார்கள்.

இந்தச் செய்தி கோவாவை எட்டியபோது யோசேவாஸ் அடிகளார் இலங்கைக்குப் போகவே விரும்பினார். ஆனால் மேலதிகாரிகள் அவரை அனுப்பியது கன்னட நாட்டின் கரையோரத்துக்கு. 1681 முதல் 1684 வரை அங்கே பணி செய்தார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று அவர் சோர்ந்துவிடவில்லை. அந்நிய மன்னர்களின் நாடுகளில், போர்த்துக்கேயப் படையின் நிழல் இல்லாமல் பணி செய்வது எப்படி என்பதை அந்த ஆண்டுகளே அவருக்குக் கற்றுக்கொடுத்தன. பின்னாளில் கண்டியில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பயிற்சி.

கோவாவுக்குத் திரும்பியபின், 1685இல் உள்நாட்டுக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த சிறு சமூகமொன்றில் சேர்ந்தார். அதுவே கோவாவின் ஒரட்டோரியன் சபையாக வளர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பை விட்டு, யுவான் என்ற இளம் பணியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டார்.

யாழ்ப்பாணத்துத் தெருவோரம்

குருவின் அங்கியோடு ஒல்லாந்தரின் துறைமுகத்தில் இறங்க முடியாது. ஆகவே கூலியாள் வேடம் பூண்டு தூத்துக்குடியில் வள்ளம் ஏறினார். கடல் கொந்தளித்தது. பசியும் தாகமுமாக மன்னார்க் கரையை அடைந்து, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருவருக்கும் கடுமையான சீதபேதி. அறிந்தவர் எவரும் இல்லாத ஊரில் தெருவோரம் கிடந்த அவர்களுக்கு, இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்று சொல்வார்கள்.

இறைவனின் அழைப்பை நம்பி வந்த ஒருவருக்குக் கிடைத்த வரவேற்பு இது. அவரை வழிநடத்திய தெய்வம் புயலை அடக்கவில்லை, நோயைத் தடுக்கவுமில்லை. ஒரு கோப்பைக் கஞ்சியை மட்டும் அனுப்பியது. அதுவே போதும் என்று எழுந்து நடந்தவர் அவர்.

உடல் தேறியதும் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு, பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பதே அவருடைய வழி. இப்படி ஒருவர் இருவராக மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். தமிழைக் கற்றுக்கொண்டார். சில்லாலை ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து இரவு வேளைகளில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஞானஸ்நானம் கொடுத்தார்.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் கூடியிருந்த மக்களைச் சுற்றி வளைத்தனர். பலர் பிடிபட்டனர், சிலர் கசையடியும் சிறையும் கண்டனர். அடிகளார் பிடிபடவில்லை. ஆனால் அவர் தொடர்ந்து அங்கே இருந்தால் அடைக்கலம் கொடுத்த குடும்பங்களுக்கே ஆபத்து. ஆகவே 1690இல் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளத்துக்கு நகர்ந்தார்.

கண்டியில் கைதியாக

புத்தளத்தில் பணி செய்தபின் 1692இல் கண்டியை நோக்கி நடந்தார். இன்று புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகப் பேருந்தில் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். அன்று காட்டுப் பாதை, காவல் கடவைகள், மலைக் கணவாய்கள். வழியில் செய்தி அவருக்கு முன்னே போய்விட்டது. அரச சபையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், கத்தோலிக்கத்துக்கு எதிரான கால்வின் மரபினர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் சொல்லியிருந்தார். அடிகளாரும் உடன் வந்தவர்களும் கைது செய்யப்பட்டு, கண்டியில் சிறை வைக்கப்பட்டனர்.

மன்னனை இதற்காகக் குறைசொல்ல முடியாது. போர்த்துக்கேயர் எத்தனையோ தடவை கண்டியின்மீது படையெடுத்தவர்கள். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1638இல் அவர்களுடைய படையை முறியடித்தவர் இரண்டாம் இராசசிங்கன். இப்போது அரியணையில் இருந்த இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய மகன். போர்த்துக்கேய நாட்டுப் பெயரோடு, போர்த்துக்கேயரின் மதத்தோடு, அனுமதியின்றி வந்த ஒருவரைச் சந்தேகிப்பது ஓர் அரசனின் கடமை.

சிறைவாசத்தை அடிகளார் செலவழித்த விதம் கவனிக்கத்தக்கது. சிங்களம் கற்றார். காவல் தளரத் தளர, சிறையின் அருகே ஓலைக்குடில் அமைத்து, சிலுவை நாட்டி, நத்தார் நள்ளிரவுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கண்டியைச் சுற்றிலும் இருந்தன. ஒரு குரு சிறையில் இருக்கிறார் என்று அறிந்து அவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வெளியே சுற்றித் திரிந்திருந்தால் அவர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த மக்கள், சிறையில் இருந்ததால் அவரைத் தேடி வந்தார்கள். ஒற்றரின் நடத்தை இவரிடம் இல்லை என்பதை மன்னனும் கண்டுகொண்டார். முதலில் நகருக்குள் நடமாடும் உரிமை கிடைத்தது. நகரைவிட்டு வெளியேற மட்டும் அனுமதி இல்லை.

மழை பெய்த ஆண்டு

1696இல் கண்டி இராச்சியத்தில் கொடிய வரட்சி. வயல்கள் வெடித்தன. மன்னன் பௌத்த பிக்குகளை மழைக்காகப் பிரார்த்திக்கக் கேட்டுக்கொண்டார். மழை வரவில்லை. பின்னர் அடிகளாரிடம் ஆள் அனுப்பினார். நகரின் திறந்தவெளியில் பலிபீடம் அமைத்து, சிலுவை நாட்டி, அவர் முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பெய்தது. அவரும் பலிபீடமும் மட்டும் நனையாதிருந்தன என்பது மரபு. அன்றிலிருந்து மன்னனின் பாதுகாப்பும், நாடெங்கும் சென்று போதிக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தன.

இக்கதையைச் சிறுவயதில் கேட்ட நம்மில் பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டோம். நம்பினால் கிடைக்கும், செபித்தால் பெய்யும் என்று விசுவாசத்தை ஒரு சூத்திரமாக மனதில் பதித்துக்கொண்டோம். பின்னர் வாழ்க்கையில் செபித்தும் பெய்யாத நாட்கள் வந்தபோது, நம் விசுவாசத்தில்தான் குறையோ என்று தடுமாறினோம். வைத்தியசாலை விடுதிகளில் படுக்கையருகே நிற்கும் தாய்மாரின் முகத்தில் அந்தக் கேள்வியை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவே அடுத்த ஆண்டின் கதையைச் சொல்லவேண்டும்.

பெரியம்மை வந்த ஆண்டு

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. இன்றைய தலைமுறைக்கு அந்த நோய் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 1980இல் அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. தொற்றி ஏறக்குறைய இரு வாரங்களில் கடுங்காய்ச்சலும் உடல் வலியும் தொடங்கும். பிறகு முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் நெருக்கமாகக் கிளம்பும். வாயிலும் தொண்டையிலும் புண்கள் வருவதால் தண்ணீர்கூட விழுங்க முடியாது. கொப்புளங்கள் சீழ்பிடித்து உடைந்து துர்நாற்றம் வீசும். நோயுற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் இறந்துபோவார்கள். தப்பியவர்களில் சிலர் பார்வையை இழப்பார்கள். இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் தடுப்பூசியைச் சோதித்தது 1796இல். கண்டியில் இந்நோய் பரவிய காலத்திலிருந்து அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது.

மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். மக்கள் தங்கள் நோயாளிகளைக் காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கொடுமை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அனைவருக்கும் வரும் நோய் அது. எஞ்சிய பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை விட்டுச் சென்ற தாய் என்ன மனதோடு போயிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கலாம். 2020இல் கொவிட் வந்தபோது, பெட்டியை மூடி எடுத்துச் சென்ற உடலைத் தூரத்தில் நின்று பார்த்த குடும்பங்களை நாமும் கண்டோமே.

நகரில் தங்கியவர் யோசேவாஸ் அடிகளார். அவருடைய உறவினரும் சபைச் சகோதரருமான யோசே கார்வாலோ அடிகளார் துணைக்கு இருந்தார். இருவரும் காட்டில் கிடந்தவர்களைத் தேடிச் சென்றார்கள். அவர்களுக்குக் குடில்கள் அமைத்தார்கள். புண்களைக் கழுவினார்கள். உணவு சமைத்துக் கொண்டுபோய் ஊட்டினார்கள். இறந்தவர்களைத் தாங்களே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று பார்க்கவில்லை.

இதை வைத்தியப் பார்வையில் சற்று விளக்க வேண்டும். அவரிடம் மருந்து இல்லை. அவரிடம் மட்டுமல்ல, உலகில் யாரிடமும் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று இல்லை. ஆனால் பெரியம்மை நோயாளி நோயால் மட்டும் இறப்பதில்லை. விழுங்க முடியாமல் நீர் வற்றி இறப்பார். அழுக்கேறிய புண்களில் கிருமி சேர்ந்து இறப்பார். எழுந்திருக்க முடியாமல் வெயிலிலும் குளிரிலும் கிடந்து இறப்பார். கரண்டி கரண்டியாகக் கஞ்சியும் தண்ணீரும் ஊட்ட ஓர் ஆள், புண்ணைக் கழுவ ஒரு கை, தலைக்குமேல் ஒரு கூரை இருந்தால் பிழைக்கக்கூடியவர்கள் பலர். இன்று தாதியர் பராமரிப்பு என்று நாம் சொல்லுவது அதைத்தான். யாழ்ப்பாணத்துத் தெருவோரத்தில் தமக்குக் கிடைத்த கஞ்சியை, பத்து ஆண்டுகள் கழித்துக் கண்டிக் காட்டில் அவர் மற்றவர்களுக்கு ஊட்டினார்.

இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1696இல் செபித்தார், மழை வந்தது. 1697இலும் அவர் செபிக்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் பெரியம்மை ஒரே இரவில் விலகவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. மழையைத் தந்த அதே கடவுள் இம்முறை நோயை அகற்றவில்லை என்பதால் அவருடைய நம்பிக்கை குறையவில்லை. தாம் முழந்தாளிட்ட இடத்திலிருந்து எழுந்து, நோயாளிகளிடம் போனார். கடவுளின் வல்லமை ஒரு முறை மேகத்தில் வந்தது. மறு முறை, பயப்படாமல் புண்ணைக் கழுவிய இரண்டு கைகளில் வந்தது. இரண்டையும் ஒரே கடவுளின் செயலாக ஏற்றுக்கொண்டதே அவருடைய விசுவாசம்.

நாட்டு மக்களின் மனதில் ஆழமாக நின்றதும் இதுவே என்று நினைக்கிறேன். மழையைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லிவிடலாம். எல்லோரும் ஓடியபோது ஒருவர் தங்கியதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்ந்து நாட்டில் பணிசெய்யும் சுதந்திரத்தை மன்னன் அவருக்கு அளித்ததற்கு இந்தச் சேவை பெரும் காரணமாயிற்று.

நடந்து தீர்ந்த கால்கள்

பிறகு கோவாவிலிருந்து ஒரட்டோரியன் குருக்கள் ஒவ்வொரு குழுவாக வந்தார்கள். அவர்கள் எல்லோரும் நம் பிராந்தியத்தவர்கள். ஐரோப்பியப் படையோ பணமோ பின்னால் நிற்காத ஒரு மறைபரப்புப் பணி, ஆசியர்களால் ஆசியாவில் நடத்தப்பட்டது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதி, இரு மொழி இலக்கியத்திலும் இடம் பெற்றவர். அடிகளாரும் இரு மொழிகளிலும் மக்களுக்குச் செபங்களை அமைத்துக் கொடுத்தார்.

யோசேவாஸ் அடிகளார் கடைசிவரை நடந்துகொண்டே இருந்தார். புத்தளம், நீர்கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு, வன்னி, மன்னார் என்று அவருடைய பாதம் படாத திசை இல்லை. ஒல்லாந்தரின் கொழும்புக்குள்ளும் மாறுவேடத்தில் போய் வந்தார். ஆயர் பதவிக்கு உயர்த்தும் யோசனை எழுந்தபோது அதை ஏற்க மறுத்தார்.

1707இல் இரண்டாம் விமலதர்மசூரியன் காலமானார். இந்தப் பௌத்த மன்னனை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். தலதாவுக்கு மூன்று மாடி மாளிகை கட்டியவர், அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவைப் புதுப்பித்தவர் அவரே. தம் சமயத்தில் அவ்வளவு பற்றுள்ளவர், ஒல்லாந்தர் விரட்டிய ஒரு கத்தோலிக்கக் குருவுக்குத் தம் தலைநகரில் இடம் கொடுத்தார். பல மதத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நம் பாடசாலையில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவருக்குப்பின் வந்த ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கனும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார்.

1710இல் அடிகளாரின் உடல் தளர்ந்தது. 1711 ஜனவரி 16இல் கண்டியில் உயிர்நீத்தார். கோவாவைவிட்டு வந்த 24 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் ஊர் திரும்பவில்லை. கண்டியிலிருந்த தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்வந்த காலத்தில் அத்தேவாலயம் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. நாம் பாடசாலைக்கு நடந்த தெருக்களில் எங்கோ ஓரிடத்தில், நம் கால்களுக்குக் கீழே அவர் துயில்கிறார்.

1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இரண்டாவது அற்புதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையே போதும் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டதாக நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நமக்கு

நம் பழைய மாணவியர் இன்று கண்டியில் மட்டும் இல்லை. கொழும்பிலும், மலையகத் தோட்டங்களிலும், சென்னையிலும், லண்டனிலும், டொராண்டோவிலும், மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு. 1983க்குப் பிறகு வேறு வழியின்றிப் போனவர்களும் உண்டு. பிள்ளையின் நோய், கணவரின் மறைவு, வேலையிழப்பு, அந்நிய நாட்டுத் தனிமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியம்மை ஆண்டு வந்திருக்கும். இன்னும் வரும்.

இறைபராமரிப்பை நம்புவது என்றால் கதவுகள் எல்லாம் திறக்கும் என்று எதிர்பார்ப்பது அல்ல என்பதை யோசேவாஸ் அடிகளாரின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது. அவருக்குப் பல கதவுகள் சாத்தப்பட்டன. இலங்கை கேட்டவருக்குக் கன்னட நாடு கிடைத்தது. போதிக்க வந்தவருக்குச் சிறை கிடைத்தது. ஒவ்வொரு முறையும் தாம் நிறுத்தப்பட்ட இடத்தில் செய்யவேண்டியது என்ன என்று பார்த்து, அதைச் செய்தார். மொழி கற்றார், குடில் கட்டினார், கஞ்சி ஊட்டினார். கடவுள் அவரை எங்கே வழிநடத்தினார் என்பது பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் மற்றவர்களுக்கே விளங்கியது.

மழை வேண்டி நாமும் செபிப்போம். அது தவறல்ல, அவரும் செபித்தார். மழை வராத ஆண்டில் நம் அருகே கிடப்பவரிடம் போகும் துணிவையும் சேர்த்துக் கேட்போம். நம் பாடசாலையும், அதை நடத்திய அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும், இந்த நூறு ஆண்டுகளாக நமக்குக் கற்றுத் தர முயன்றதும் அதுவே. அடுத்த முறை கண்டிக்கு வரும்போது புனித அந்தோனியார் பேராலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். இந்நகரின் மண்ணில் அடையாளமின்றித் துயிலும் புனிதரை நினைத்து, உங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஆண்டுகளின் கதையையும் சொல்லுங்கள்.